ஒரு கூட்டத்தோடு நின்றுவிடாதீர்கள்

குடியின் தீமை பற்றி எம்மிடையே எழுதப்பட்டவை ஏராளம். குடியை விட விரும்பும் ஒருவன் எங்கே போக வேண்டும், யாரோடு அமர வேண்டும், முதல்நாள் போன இடம் சரிவராவிட்டால் அடுத்ததாக என்ன செய்ய வேண்டும் என்பன பற்றி எழுதப்பட்டவை மிகச் சில. முதல் வகை எழுத்து பெரும்பாலும் குடியாதவர்களுக்கு மனநிறைவைத் தருவதோடு முடிந்துவிடுகிறது. இரண்டாம் வகை எழுத்துத்தான் குடிப்பவனுக்குப் பயன்படும். எனவே இந்தப் பத்தியை இரண்டாம் வகையாகவே எழுதுகிறேன்.

பத்திரிகைத் தொழிலில் இருந்த எவருக்கும் இது அந்நியமான விடயமல்ல. இரவுப் பதிப்பு அச்சுக்குப் போனபின் தவறணையை நோக்கி நடப்பது அக்காலத்தில் தொழிலின் ஓர் அங்கமாகவே கருதப்பட்டது. பேனா பிடித்தவன் போத்தலும் பிடிப்பான் என்பதைப் பெருமையாகச் சொன்னவர்களும் இருந்தனர். அவர்களிற் சிலர் ஐம்பது வயதைக் காணவில்லை. அஞ்சலிக் குறிப்பில் ‘சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து’ என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குப் பின்னால் கெட்டுப்போன ஈரலும், அடகுபோன தாலிக்கொடியும், பாடசாலைக் கட்டணம் கட்டாத பிள்ளைகளும் இருந்ததை ஆசிரிய பீடத்தில் இருந்த அத்தனை பேரும் அறிவர். நாகரிகம் கருதி எவரும் எழுதுவதில்லை.

நிற்க. இன்று உலகெங்கும் குடியை விட விரும்புவோர்க்கு வைத்தியரும் சமூக சேவையாளரும் முதலிற் சொல்லும் பெயர்களில் ஒன்று ‘அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்’ என்பதாகும். சுருக்கமாக ஏ.ஏ. என்பர். பெயர் சொல்லாத குடிநோயாளர் எனத் தமிழிற் கூறலாம். 1935 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில், நியூயோர்க் பங்குச் சந்தையோடு தொடர்புடைய பில் வில்சன் என்பவரும் பொப் ஸ்மித் என்ற சத்திர சிகிச்சை வைத்தியரும் சந்தித்ததிலிருந்து அது பிறந்தது. இருவரும் குடியால் வாழ்வைத் தொலைத்துக் கொண்டிருந்தவர்கள். வைத்தியராலும் மதகுருவாலும் மனைவியாலும் முடியாத ஒன்றை, தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரனோடு மனம்விட்டுக் கதைப்பது சாதிக்கும் என்பதே அவர்கள் கண்டறிந்த செய்தி. பொப் ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளான 1935 யூன் 10 ஐ அந்த அமைப்பினர் தமது பிறந்த நாளாகக் கொள்கின்றனர்.

அதற்கு முன்பும் இப்படியொரு முயற்சி நடந்ததுண்டு. 1840 இல் பால்ட்டிமோர் நகரத்துத் தவறணை ஒன்றில் கூடிய ஆறு குடிகாரர் தொடங்கிய ‘வொஷிங்டோனியன்’ இயக்கம் சில ஆண்டுகளிலேயே பல இலட்சம் பேரைச் சேர்த்தது. ஆபிரகாம் லிங்கன்கூட 1842 இல் அவர்களது கூட்டமொன்றிற் பேசியிருக்கிறார். ஆயினும் அரசியலும் மதுவிலக்குச் சண்டைகளும் உள்ளே நுழைந்ததால் அது சில ஆண்டுகளிற் சிதறிப்போயிற்று. ஏ.ஏ. அமைப்பினர் இந்த வரலாற்றை அறிந்தே பிற்காலத்தில் தமக்கெனப் பன்னிரண்டு மரபுகளை வகுத்துக் கொண்டனர். வெளியார் பணம் வாங்குவதில்லை. அரசியல் விவாதங்களில் நிலைப்பாடு எடுப்பதில்லை. பத்திரிகைகளுக்கு முன்னால் உறுப்பினர் பெயரை வெளியிடுவதில்லை. குடியை நிறுத்த வேண்டுமென்ற விருப்பத்தைத் தவிர உறுப்புரிமைக்கு வேறு தகுதி எதுவும் கேட்பதில்லை. இவை 1950 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டன.

அந்த மரபுகளுள் ஒன்று எமது விடயத்துக்கு மிக முக்கியமானது. ஒவ்வொரு குழுவும் தன்னளவிற் சுதந்திரமானது என்பதே அது. தலைமையகம் கட்டளையிடுவதில்லை. எனவே எந்த இரு கூட்டங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே தெருவில் திங்கட்கிழமை நடக்கும் கூட்டம் ஓய்வுபெற்றோர் நிறைந்த அமைதியான வட்டமாக இருக்கும். வியாழக்கிழமைக் கூட்டம் இளைஞர் நிறைந்த ஆரவாரமான மண்டபமாக இருக்கும். ஒன்றில் மதவாடை அதிகம். மற்றதில் அறவே இராது. ஆதலால் ஒரு கூட்டத்துக்குப் போய்வந்து ‘ஏ.ஏ. எனக்குச் சரிவராது’ என்பவர், ஒரு சாப்பாட்டுக் கடையிற் சாப்பிட்டுவிட்டு இனிச் சாப்பாடே வேண்டாம் என்பவரை ஒத்தவர்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் சொன்னார். தொண்ணூறுகளில் கனடாவுக்குப் போன பழைய நண்பர். வைத்தியரின் வற்புறுத்தலால் ரொறன்ரோவில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் நடந்த கூட்டத்துக்கு ஓர் இரவு போயிருக்கிறார். தன் நிறத்தவர் எவரும் அங்கில்லை. விரைவாகப் பேசிய ஆங்கிலத்திற் பாதி விளங்கவில்லை. முடிவில் எல்லோரும் கைகோர்த்துக் கிறிஸ்தவச் செபம் ஒன்றைச் சொல்லியிருக்கின்றனர். மறுநாள் தொலைபேசியில், “மச்சான், அது வெள்ளைக்காரற்றை சேர்ச் அலுவல். எங்களுக்கு ஒத்துவராது” என்றார். அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவர் எங்கும் போகவில்லை. குடித்தார். வேலை போயிற்று. பிறகு ஒருநாள் உடன் வேலைசெய்த ஒரு பஞ்சாபிக்காரர் வேறொரு பகுதியில் நடந்த கூட்டத்துக்கு அவரைக் கூட்டிச்சென்றார். அங்கே கரிபியன் நாட்டவர், வட இந்தியர், பிலிப்பைன்ஸ்காரர் எனப் பலர் இருந்தனர். தேநீர் இருந்தது. மெதுவாகப் பேசினர். அவர் அடுத்த வாரமும் போனார். இன்றும் போகிறார். முதற் கூட்டத்துக்கும் இரண்டாம் கூட்டத்துக்கும் இடையிற் கழிந்த இரண்டு ஆண்டுகளில் அவர் இறந்திருக்கவும் கூடும் என்பதை நினைக்கும்போதுதான் இதை எழுதியாக வேண்டுமென்று தோன்றுகிறது.

சரி, எப்படித் தேடுவது? முதலிற் கூட்டங்களின் வகைகளை அறிந்துகொள்ள வேண்டும். திறந்த கூட்டம் என்றால் எவரும் வரலாம்; மனைவியோ சகோதரனோ நண்பனோ துணைக்கு வரலாம். மூடிய கூட்டம் என்றால் குடியை நிறுத்த விரும்புபவர் மட்டுமே வரலாம். ஒருவர் எழுந்து தன் கதையை முழுமையாகச் சொல்லுவது ஒரு வகை. வட்டமாக அமர்ந்து ஆளுக்குச் சில நிமிடங்கள் பேசுவது இன்னொரு வகை. பன்னிரண்டு படிகளில் ஒன்றையோ, 1939 இல் வெளிவந்த அவர்களது மூல நூலையோ எடுத்து வாசித்து ஆராய்வது வேறொரு வகை. புதியவர்களுக்கென்றே நடப்பவையும், பெண்களுக்கென்றே நடப்பவையும் உள்ளன. பலர் நடுவிற் பேசக் கூச்சப்படுபவருக்கு முதல்வகை ஏற்றது. அவர் கேட்டுக்கொண்டிருந்தாற் போதும். எந்தக் கூட்டத்திலும் பேசித்தான் ஆகவேண்டுமென்ற கட்டாயமில்லை. ‘இன்று கேட்க மட்டும் வந்தேன்’ என்றால் எவரும் வற்புறுத்தமாட்டார்கள். கட்டணமும் இல்லை. இறுதியில் ஒரு பை சுற்றிவரும். போட விரும்பினாற் போடலாம்.

குறைந்தது ஆறு கூட்டங்களுக்கேனும், வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நாட்களிற் போய்ப் பார்த்தபின்பே ஒரு முடிவுக்கு வரவேண்டும் என்பது என் கருத்து. பழைய உறுப்பினர்கள் புதியவர்களுக்குத் தொண்ணூறு நாட்களில் தொண்ணூறு கூட்டங்கள் என்றே சொல்வதுண்டு. அதற்கு ஒரு காரணம் உண்டு. குடிப்பவனுக்கு மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரையுள்ள நேரமே ஆபத்தானது. அந்த நேரத்தை நிரப்ப ஓர் இடம் வேண்டும். ஆகவே கூட்டத்தைத் தெரிவு செய்யும்போது பேச்சின் தரத்தைவிட, அது நடக்கும் நேரத்தையும் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தையும் முதலிற் பார்க்க வேண்டும். இரண்டு பேருந்து மாறிப்போகும் மிகச்சிறந்த கூட்டத்தைவிட, நடந்துபோகும் சாதாரண கூட்டம் மேலானது.

நல்ல கூட்டத்துக்குச் சில அடையாளங்கள் உண்டு. குறித்த நேரத்துக்குத் தொடங்கும். புதியவனை வரவேற்பார்கள், ஆனால் மொய்க்கமாட்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட்டு அறிவுரை சொல்லமாட்டார்கள். பல ஆண்டுகளாகக் குடியை விட்டவர்களும், நேற்றுத்தான் விட்டவர்களும் ஒரே அறையில் இருப்பார்கள். சிரிப்பும் இருக்கும். இதற்கு மாறாக, வைத்தியர் கொடுத்த மனநோய் மாத்திரையை நிறுத்து என்று எவராவது சொன்னால், பணமோ கடனோ கேட்டால், கேட்டதை வெளியிலே கதைப்பதாக அறிந்தால், அந்த இடத்தை விட்டு வேறிடம் தேடுவதே புத்தி. வழிகாட்டியாக ஒருவரைத் தெரிவுசெய்யும்போது பெண்ணுக்குப் பெண்ணும் ஆணுக்கு ஆணும் என்ற நடைமுறை பொருள் பொதிந்தது. மனம் உடைந்த நிலையில் வரும் பெண்ணைத் தன் இச்சைக்குப் பயன்படுத்த முனையும் பழைய உறுப்பினர்கள் எல்லா நாட்டிலும் உள்ளனர். ‘பதின்மூன்றாம் படி’ என்று அவர்களே இதற்குக் கசப்பான பெயர் வைத்திருக்கின்றனர்.

அடுத்தது கடவுள் விடயம். எம்மவரிற் பலர் இந்த இடத்தில்தான் திரும்பி விடுகின்றனர். ஏ.ஏ. கிறிஸ்தவச் சூழலிற் பிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் தொடக்ககால உறுப்பினருள் இருந்த கடவுள் மறுப்பாளர்களின் வற்புறுத்தலால், அவரவர் விளங்கிக்கொண்டபடியான கடவுள் என்ற பொருளில் படிகள் எழுதப்பட்டன. நல்லூர்க் கந்தனை நினைப்பவர் அவனை நினைக்கலாம்; அந்த அறையில் அமர்ந்திருக்கும் மனிதர்களின் கூட்டு வலிமையே தனக்கு மேலான சக்தி என்று கொள்பவரும் உளர். நாத்திகர்களுக்கான ஏ.ஏ. குழுக்கள் எழுபதுகளிலிருந்தே அமெரிக்காவில் உள்ளன. 2011 இல் ரொறன்ரோவில், கடவுள் என்ற சொல்லை நீக்கிப் படிகளை வாசித்த இரண்டு குழுக்கள் அந்நகரத்து ஏ.ஏ. பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதும், விடயம் ஒன்ராறியோவின் மனித உரிமைகள் நியாயசபை வரை சென்று, 2017 இல் அத்தகைய குழுக்களுக்குப் பட்டியலில் மீண்டும் இடம் கிடைத்ததும் பதிவான வரலாறு. இதுவும் ஒத்துவராதவர்களுக்கு 1994 இல் தொடங்கிய ‘ஸ்மார்ட் ரிக்கவரி’ போன்ற, மதம் சாராத, உளவியல் முறைகளை அடிப்படையாகக் கொண்ட குழுக்கள் உண்டு. பெண்களுக்கென 1975 இல் அமைந்த ‘விமன் ஃபோர் சொப்ரைட்டி’ உண்டு. பாதைகள் பல. ஒரு கதவு மூடியிருப்பதைக் கண்டு வீடே இல்லை என்று சொல்லலாகாது.

இந்தக் கூட்டங்களால் உண்மையிலேயே பயனுண்டா என்று கேட்பவர்களும் உளர். நியாயமான கேள்வி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2006 இல் வெளியிட்ட மதிப்பீட்டில் தெளிவான ஆதாரமில்லை என்றே கூறப்பட்டது. ஆனால் 2020 இல் 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கிய புதிய மதிப்பீடு வந்தது. ஏ.ஏ. கூட்டங்களிற் பங்குபற்றுமாறு முறையாக நெறிப்படுத்தும் சிகிச்சை, தொடர்ச்சியாகக் குடியாதிருத்தல் என்ற அளவில் ஏனைய உளவியற் சிகிச்சைகளைவிட மேலான பலனைத் தந்ததாக அது கூறியது. இதன்பொருள் கூட்டம் எல்லோரையும் குணப்படுத்தும் என்பதன்று. மருந்துகளும் உள்ளன, நல்ட்ரெக்சோன், அக்கம்ப்ரோசேட் போன்றவற்றை வைத்தியரின் ஆலோசனையோடு பாவிக்கலாம். கூட்டமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக நாள்தோறும் பெருமளவிற் குடித்தவர், வீம்புக்கோ நேர்த்திக்கோ திடீரென ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாட்களில் கைகால் நடுக்கம், பிதற்றல், இல்லாததைக் காணுதல் என வளர்ந்து உயிருக்கே முடிவாகலாம். அத்தகையவர் முதலிற் போகவேண்டிய இடம் வைத்தியசாலை. கூட்டம் அதற்குப் பிறகு.

இனி, எம்மவர்க்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். அது மானம். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் ஒருவன் குடிப்பது ஊருக்கே தெரியும். அதில் அவனுக்கு வெட்கமில்லை. ஆனால் குடியை விடுவதற்காக ஓரிடத்துக்குப் போகிறான் என்பது தெரிந்தால் வெட்கப்படுகிறான். அவன் மட்டுமா? மகளுக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் இது வெளியே தெரியக்கூடாது என்று வீட்டாரும் தடுக்கின்றனர். ஸ்காபரோவிலும் ஹரோவிலும் நிலைமை வேறல்ல. தமிழ்க் கடையில் ஒருவர் பார்த்தால், கோயிலில் பத்துப் பேருக்குத் தெரிந்துவிடும். ஆகவே தமிழர் உள்ள கூட்டத்துக்குப் போகப் பயம். தமிழர் இல்லாத கூட்டத்துக்குப் போனால் மொழி அந்நியம். இந்த இரண்டுக்கும் இடையில் அகப்பட்டுப் பலர் வீட்டிலேயே இருந்து குடித்து முடிகின்றனர்.

இதற்கு என் விடை இது: முதலில் உயிர், பிறகு மொழி. தொடக்கத்தில் அயலூரில், அறிமுகமற்றவர் நடுவில், தெரிந்த அளவு ஆங்கிலத்தோடோ சிங்களத்தோடோ போய் அமருங்கள். வெட்கம் தணிந்தபின் தமிழ்க் கூட்டத்தைத் தேடுங்கள். தேடத்தான் வேண்டும், ஏனெனில் மனிதன் தன் தாயிடம் எந்த மொழியிற் பொய் சொன்னானோ அந்த மொழியிலேயே உண்மையையும் சொல்லவேண்டியிருக்கிறது. ‘வீட்டிலை சல்லி இருந்தா எனக்கு நித்திரை வராது’ என்று ஒருவன் சொன்னால், அதை மொழிபெயர்க்காமலே விளங்கிக்கொள்ளும் காது வேண்டும். தமிழகத்தில் ஏ.ஏ. கூட்டங்கள் தமிழிலேயே நெடுங்காலமாக நடக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980 இல் தொடங்கிய ரி.ரி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தமிழிலேயே சிகிச்சை அளித்திருக்கிறது. 2020 இல் கொரோனா வந்து மண்டபங்கள் மூடப்பட்டபோது, உலகெங்கும் கூட்டங்கள் இணையத்துக்கு மாறின. அவற்றுட் பல இன்றும் தொடர்கின்றன. ஒஸ்லோவில் இருப்பவர் சென்னையில் நடக்கும் ஒன்றிற் சேர்ந்துகொள்ள இன்று வழியுண்டு. முகத்தைக் காட்டாமலும் கேட்கலாம்.

இலங்கையிலோ தேவை பெரிது, வசதி சிறிது. கொழும்பில் சுமித்ரயோ அமைப்பின் ‘மெல் மெதுர’ குடிக்கும் போதைக்கும் அடிமையானோர்க்குப் பல்லாண்டுகளாக உதவி வந்திருக்கிறது. வடக்கு கிழக்கில் அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகள் இருக்கின்ற வளத்தோடு உழைக்கின்றன. ஆனால் 2009 இல் முடிந்த போர் விட்டுச்சென்ற மனக்காயங்களுக்கு அது போதாது. போர் எம்மவர் மனத்திற் செய்ததைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 இலேயே நூலாகப் பதிவு செய்தார். உறங்கமுடியாத இரவுகளுக்குக் கசிப்பை மருந்தாகக் கொண்டவர்கள் எத்தனை பேர் என்பதை அவர்களது மனைவிமாரைக் கேட்டால் தெரியும். பொலிஸார் கசிப்புக் கலங்களை உடைத்துப் படமெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புவதோடு எமது சமூகம் திருப்தி அடைந்துவிடுகிறது. உடைந்த கலத்துக்குப் பக்கத்தில் நின்று குடித்துவந்த மனிதன் மறுநாள் எங்கே போவான் என்று எவரும் கேட்பதில்லை.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு கூட்டம் தொடங்க இரண்டு குடிநோயாளரும் ஓர் அறையும் ஒரு கேத்தில் தேநீரும் போதும். எங்கள் கிராமங்களில் சனசமூக நிலையங்கள் உள்ளன; மாலையிற் பல வெறுமனே கிடக்கின்றன. வாரத்தில் ஒருநாள் ஒரு மணித்தியாலம் சிறு வாடகைக்கு அந்த அறையைக் கொடுத்தாற் போதும். ஒரேயொரு நிபந்தனை: மங்கள விளக்கேற்றல் வேண்டாம், பிரதம விருந்தினர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், படம் எடுக்கவே வேண்டாம். எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். 1941 மார்ச்சில் ‘சற்றர்டே ஈவினிங் போஸ்ட்’ சஞ்சிகையில் ஜக் அலெக்சாண்டர் என்ற பத்திரிகையாளர் ஏ.ஏ. பற்றி எழுதினார். சந்தேகத்தோடு போனவர், நேரிற் கண்டபின் நம்பிக்கையோடு எழுதினார். ஏறத்தாழ 2,000 பேராக இருந்த அமைப்பு அந்த ஆண்டு முடிவில் சுமார் 8,000 பேராக வளர்ந்தது. உறுப்பினர் எவருடைய முழுப்பெயரையும் வெளியிடாமலே ஒரு கட்டுரை இவ்வளவையும் செய்தது. எமது பத்திரிகைகளுக்கும் அது முடியும்.

குடும்பத்தினருக்கும் ஒரு வார்த்தை. போத்தலை ஒளித்து வைப்பதும், சத்தியம் வாங்குவதும், மாமனாரைக் கூப்பிட்டுப் பேசவைப்பதும் பலன் தந்ததை நான் கண்டதில்லை. பில் வில்சனின் மனைவி லூயிஸ் 1951 இல், குடிநோயாளரின் குடும்பத்தினருக்கென ‘அல்-அனோன்’ என்ற தனிக்குழுவைத் தொடங்கினார். கணவன் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் மனைவியின் மனநலம் தனியே காக்கப்பட வேண்டியது என்பது அதன் அடிப்படை. பிள்ளைகளுக்கென 1957 இல் ‘அலட்டீன்’ தோன்றியது. கணவன் எந்தக் கூட்டத்துக்கும் வர மறுத்தால், மனைவி தன் கூட்டத்துக்குத் தனியே போகலாம். அதற்கு அவனுடைய அனுமதி தேவையில்லை.

இதை வாசிக்கும் எவரேனும் ஒரு தடவை போய் மனம் சலித்துத் திரும்பியவராக இருந்தால், உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நீங்கள் பார்த்தது ஓர் அறையை. அந்த அறைக்குள் அன்றிரவு தற்செயலாக வந்திருந்த சிலரை. இந்த வாரம் வேறொரு நாளில், வேறொரு வீதியில், வேறு சிலர் கதிரைகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவற்றில் ஒன்று எப்போதும் வெறுமையாகவே இருக்கும். புதிதாக வருபவருக்கென்றே அதை விட்டு வைப்பார்கள்.